கூலியாகச் சென்றவனைக் குடிமகனாக்கியவர்

அண்மையில் நாம் கடையநல்லூர் சென்றிருந்தோம். கூட்டம் இரவு ஏழு மணிக்கு. நாமோ மாலை நான்கு மணிக்கே போய்ச் சேர்ந்துவிட்டோம். மேற்குத் தொடர்ச்சி மலையின் மடியில் கிடக்கும் ஊர். தறியும் வயலும் தொழுகையும் வணிகமும் ஒன்றாய்க் கலந்து வாழும் ஊர். ஆனால் அவ்வூரின் தெருக்களில் நடப்பவர் எவரும் ஒன்றை உணராமல் இருக்க முடியாது: அந்த ஊரின் பாதி உயிர் அக்கரையில் இருக்கிறது! வீட்டுக்கு வீடு சிங்கப்பூர். வீட்டுக்கு வீடு பினாங்கு. கல்யாணப் பேச்சானாலும் கடன் பேச்சானாலும், கடைசியில் வெள்ளிக் கணக்கில்தான் வந்து நிற்கும்.

தேநீர்க் கடையில் ஒரு பெரியவர் நம்மோடு பேச்சுக் கொடுத்தார். வயது எழுபத்தைந்தைத் தாண்டியவர். அவருடைய தந்தையாரும் பெரிய தந்தையாரும் உடன்பிறந்தவர்கள். இருவரும் ஒரே கப்பலில் சிங்கப்பூர் சென்றவர்கள். தஞ்சோங் பகார் வட்டாரத்தில் ஒரே அறையில் பாய் விரித்துப் படுத்தவர்கள். 1957ஆம் ஆண்டில் ஒருநாள் இருவர் முன்னும் ஒரே மாதிரியான விண்ணப்பத் தாள் வந்து நின்றதாம். அண்ணன் கையெழுத்திட்டார், தம்பி மறுத்தார். அந்நிய மண்ணுக்குக் கையெழுத்துப் போட்டால் சொந்த மண்ணில் கால் வைக்க விடமாட்டார்கள் என்று தம்பிக்கு அச்சம். பதினான்கு ஆண்டு கழித்து, 1971இல், பிரிட்டிஷ் படைத்தளம் கலைந்தது. அங்கே வேலை பார்த்த தம்பி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடையநல்லூர் திரும்பினார். அண்ணன் அங்கேயே நின்றார். இன்று அண்ணன் வழிப் பேரப்பிள்ளைகள் அந்நாட்டின் அலுவலகங்களில் அமர்ந்திருக்கிறார்கள். தம்பி வழி வந்தவரோ நம்மோடு தேநீர் அருந்திக்கொண்டிருந்தார்.

ஒரு தாள், ஒரு கையெழுத்து! இரண்டு தலைமுறையின் வாழ்வு அதில் இரண்டாய்ப் பிரிந்தது. இதைப் பெரியவர் வருத்தத்தோடும் சொல்லவில்லை, பெருமையோடும் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார். சொல்லி முடிக்கும்போது ஒரு பெயரைச் சொன்னார். அந்தத் தாளில் கையெழுத்திடும்படி அந்நாளில் ஓயாமல் எழுதியும் பேசியும் வந்தவரின் பெயர் அது: தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி.

அந்தப் பெயரை இன்றைய இளைஞர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும் என்று அன்றே உறுதி கொண்டோம். பிறந்த மண்ணை விட்டுப் புதிய மண்ணுக்குச் சென்றவன், அங்கே விருந்தாளியாகவும் இல்லாமல், வேண்டாதவனாகவும் இல்லாமல், உரிமையுள்ளவனாக நிற்பது எப்படி என்ற கேள்விக்குத் தம் வாழ்நாள் முழுவதையும் விடையாக்கியவர் அவர்.

திருவாரூரிலிருந்து

சாரங்கபாணி 1903ஆம் ஆண்டு திருவாரூரில் பிறந்தார். தேர் ஓடும் ஊர். ஆனால் தேர் ஓடும் தெருவிலேயே எல்லாரும் நடந்துவிட முடியாத காலம். பள்ளியில் தமிழும் ஆங்கிலமும் நன்கு பயின்றார். 1924ஆம் ஆண்டு, தமது இருபத்தொன்றாம் வயதில், சிங்கப்பூருக்குக் கப்பலேறினார். தந்தை பெரியார் வைக்கத்தில் தெருவில் நடக்கும் உரிமைக்காகச் சிறை சென்ற ஆண்டு அது. அதே ஆண்டில்தான் திருக்குவளையில் ஒரு குழந்தை பிறந்து, பின்னாளில் அதே திருவாரூரில் பள்ளிக்குச் சென்று, கலைஞர் என்று நாடு அழைக்கும்படி வளர்ந்தது.

அந்நாளில் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் சென்ற தமிழர் யார்? பெரும்பாலோர் கூலிகள். சஞ்சிக் கூலி என்ற ஒப்பந்த முறை 1910இல் ஒழிந்தது. அதன் இடத்தில் கங்காணி முறை கோலோச்சியது. கங்காணி ஊருக்கு வருவான், அக்கரையில் பொன் விளைகிறது என்பான், முன்பணம் கொடுப்பான், கப்பலேற்றுவான். அங்கே போனால் பால்மரக் காடு, மலேரியாக் காய்ச்சல், கங்காணியின் கடன், கள்ளுக்கடையின் கடன். துறைமுகத்தில் மூட்டை சுமப்பவனும், சாலை போடுபவனும், சாக்கடை அள்ளுபவனும் தமிழன். ஆளும் வெள்ளையனுக்கு அவன் ஒரு கை. அண்டை வீட்டுச் சீனனுக்கு அவன் வந்து போகிறவன். அவனுக்கே அவன் யார்? அவனும் தன்னை வந்து போகிறவன் என்றே எண்ணினான்! மூன்றாண்டு உழைப்பது, ஊருக்குப் பணம் அனுப்புவது, முடிந்தால் திரும்புவது. முடியாதவன் அங்கேயே மண்ணாவது.

கடையநல்லூர்க்காரர் கதை இதில் சற்றே வேறுபட்டது. ஏனையோர் ஆண்கள் மட்டும் சென்றபோது, இவர்கள் குடும்பத்தோடு சென்றார்கள். ஆண்கள் துறைமுகத்தில் உழைத்தார்கள். பெண்கள் அம்மியில் மசாலை அரைத்து விற்றுக் குடும்பத்தைத் தாங்கினார்கள். குடும்பத்தோடு போனவன் வேர் விடுகிறான். தனியாய்ப் போனவன் தவித்து நிற்கிறான். பின்னாளில் சாரங்கபாணி தமிழர் அனைவருக்கும் சொல்ல வந்ததை, கடையநல்லூர்த் தாய்மார்கள் அம்மிக்கல்லோடு கப்பலேறியபோதே செய்து காட்டியிருந்தார்கள் என்று சொல்லலாம்.

இளைஞர் சாரங்கபாணி ஒரு நிறுவனத்தில் கணக்கு எழுதும் வேலையில் அமர்ந்தார். பகலில் வரவு செலவு, மாலையில் படிப்பு. 1925ஆம் ஆண்டு தொடங்கிய குடி அரசு ஏடு கடல் கடந்து அங்கும் சென்றது. அதை எடுத்துப் படித்தவர்களுள் அவரும் ஒருவர். படித்தார், சிந்தித்தார், தம்மைச் சுற்றிப் பார்த்தார். கடலைக் கடந்து வந்த தமிழன் எதையெல்லாம் கரையில் விட்டு வந்தான் என்று பார்த்தார். வீட்டை விட்டான், நிலத்தை விட்டான், தாயை விட்டான். ஆனால் சாதியை மட்டும் மூட்டை கட்டித் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டான்! தோட்டத்து லயத்திலும் சாதி. தேநீர்க் குவளையிலும் சாதி. கோயில் வாசலிலும் சாதி. தன்னையே தான் மதிக்காத கூட்டத்தை மற்றவன் எப்படி மதிப்பான்?

முரசு முழங்கியது

1929ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் பெரியார் மலாயா சென்றார். பினாங்கில் இறங்கினார், ஈப்போவில் பேசினார், ஊர் ஊராய்ச் சென்று, சிங்கப்பூர் வரை வந்தார். வைதீகர்கள் சிலர் அவரை உள்ளே விடக்கூடாதென்று வெள்ளை அரசுக்கு மனுப் போட்டுப் பார்த்தார்கள். மனு தோற்றது, மக்கள் கூட்டம் வென்றது. அந்தப் பயணம் அங்கிருந்த இளைஞர்களின் நெஞ்சில் மூட்டிய நெருப்பு பிறகு அணையவே இல்லை. சாரங்கபாணி அக்காலத்தில் முன்னேற்றம் என்ற இதழின் ஆசிரியப் பொறுப்பில் இருந்தார். 1932இல் தமிழர் சீர்திருத்தச் சங்கம் எழுந்தது. அதன் முன்னணியில் உழைத்தார்.

1935ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள் தமிழ் முரசு பிறந்தது. முதலில் சங்கத்தின் வார இதழ். நிதி நெருக்கடி வந்தது, இதழ் தள்ளாடியது. சங்கம் தாங்க முடியாததைத் தனி மனிதராய்த் தம் தோளில் தாங்கினார் சாரங்கபாணி. இரண்டு ஆண்டுகளுக்குள் அதை நாளேடாக்கினார். நாளேடு நடத்துவது எத்தகைய தொல்லை என்பது ஏடு நடத்துவோர் அறிவோம். தாள் வாங்கப் பணம் இராது. அச்சுக் கோப்பவருக்குச் சம்பளம் தரப் பணம் இராது. ஆனால் மறுநாள் காலை ஏடு மட்டும் வந்தாக வேண்டும். அதிலும் பெரும்பாலோர் எழுத்தறியாத கூலி மக்களை நம்பி ஒரு நாளேடு! படிக்கத் தெரிந்த ஒருவன் வாசிப்பான். பத்துப் பேர் சுற்றி அமர்ந்து கேட்பார்கள். ஒரு பிரதிக்குப் பத்து வாசகர். காசு வருவதோ ஒரு பிரதிக்குத்தான்!

முரசு என்ன முழங்கியது? கள்ளைக் குடிக்காதே என்றது. தீ மிதிப்பதும், அலகு குத்துவதும், ஆடு வெட்டுவதும் அண்டை இனத்தார் முன் உன்னைத் தாழ்த்தும் என்றது. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பு என்றது. சாதி பாராமல், சடங்கு இல்லாமல் திருமணம் செய் என்றது. எளிதான சொற்களா இவை? நெருப்பில் இறங்குவதைத் தன் பக்தியின் உச்சமாய் நினைத்தவன் கோபப்பட்டான். கோயில் நிர்வாகிகள் சினந்தனர். கள்ளுக்கடையில் ஆதாயம் கண்டவர்கள் பகைத்தனர். சீர்திருத்தம் பேசுவோரில் சிலர் ஊருக்குச் சொல்வார்கள், வீட்டில் செய்யமாட்டார்கள். சாரங்கபாணி அந்த வகையினர் அல்லர். அவர் மணந்துகொண்டது பெரானாக்கான் சீனக் குடும்பத்துப் பெண்ணை! சாதி விட்டுச் சாதி மணந்தாலே ஊர் ஒதுக்கிவைத்த நாளில், இனம் விட்டு இனம் மணந்தார். அந்த மண்ணின் மக்களோடு நாம் ஒன்றாக வேண்டும் என்று மேடையில் சொல்வதற்கு முன், தம் வாழ்க்கையில் ஒன்றாகிக் காட்டினார்.

போர் வந்தது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. தமிழ் முரசு நின்றது. சயாம் ரயில் பாதை போடுவதற்குத் தோட்டங்களிலிருந்து அள்ளிச் செல்லப்பட்ட தமிழர்களில் பல்லாயிரவர் காட்டிலேயே மடிந்தனர். எவரிடம் முறையிடுவது? அவர்கள் எந்த நாட்டின் குடிமக்கள்? கேட்க ஒரு நாடு இல்லாதவனின் சாவு கணக்கில் ஏறுவதில்லை. போர் முடிந்ததும் முரசு மீண்டும் ஒலித்தது. ஆங்கிலம் படித்த இந்தியருக்காக இந்தியன் டெய்லி மெயில் என்ற ஆங்கில நாளேட்டையும் தொடங்கினார். ஆனால் அவருடைய குரலில் இப்போது ஒரு புதிய அழுத்தம் இருந்தது. இது வரை திருந்து என்றார். இனி ஒன்றுபடு என்றார்.

ஒரே திருநாள்

1951இல் தமிழர் பிரதிநிதித்துவ சபை அமைந்தது. சிதறிக் கிடந்த தமிழ்ச் சங்கங்களை ஒரு குடைக்கீழ் கொண்டுவரும் முயற்சி அது. மறு ஆண்டு, 1952 ஜனவரியில், தமிழர் திருநாள் கொண்டாடப்பட்டது. பொங்கல் நாளை எல்லாத் தமிழருக்கும் உரிய நாளாக்கினார் அவர். அதில் கோயிலும் இல்லை, பள்ளிவாசலும் இல்லை, மாதாகோயிலும் இல்லை, தமிழ் இருந்தது. இந்துவும் இஸ்லாமியனும் கிறித்தவனும், நாத்திகனும்கூட ஒரே பந்தலில் அமர்ந்தார்கள். பேச்சுப் போட்டி, இசை, நாடகம், விளையாட்டு என்று அந்நாடு முழுதும், மலாயா முழுதும் அந்த விழா பரவியது.

இதை எளிதாக எண்ணிவிட வேண்டாம். தஞ்சைத் தமிழன் தனியாகவும், நெல்லைத் தமிழன் தனியாகவும், கடையநல்லூர்த் தமிழன் தனியாகவும், யாழ்ப்பாணத்துத் தமிழன் தனியாகவும் நின்ற இடத்தில், அவர்கள் அனைவரையும் ஒரு மக்களாக அடையாளம் காட்டிய நாள் அது. ஊர்ச் சங்கங்கள் கூடாதென்று அவர் சொல்லவில்லை. ஊர்ச் சங்கங்கள் செய்த நற்பணிகளும் சிறியவை அல்ல. 1941ஆம் ஆண்டு தொடங்கிய சிங்கப்பூர்க் கடையநல்லூர் முஸ்லிம் லீக்கை எடுத்துக்கொள்வோம். போரின் புண் ஆறுமுன், 1946இல், அது ஒரு தமிழ்ப் பள்ளியைத் தொடங்கியது. சீறாப்புராணம் தந்த உமறுப் புலவரின் பெயரை அதற்குச் சூட்டியது. மூட்டை சுமந்தவர்களும் மசாலை அரைத்தவர்களும் சேர்ந்து எழுப்பிய பள்ளி! பின்னர் அது உயர்நிலைப் பள்ளியாயிற்று, தமிழ் வழியில் உயர்நிலைக் கல்வி தந்த பெருமை பெற்றது, 1982இல் மூடப்பட்டது. ஆனாலும் உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையம் என்று அந்தப் பெயர் அங்கே இன்றும் வாழ்கிறது. கடையநல்லூரில் பிறந்து உழைக்கப் போனவன், அந்நிய மண்ணில் முதலில் கட்டியது மாளிகையல்ல, பள்ளிக்கூடம் என்பதை இவ்வூர் இளைஞர்கள் மறந்துவிடக் கூடாது.

பல்கலைக்கழகத்திலும் தமிழுக்கு இடம் தேட வேண்டியிருந்தது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் துறை அமைப்பது பற்றி ஐம்பதுகளில் பேச்சு எழுந்தது. ஆய்ந்து சொல்லச் சென்ற வரலாற்றறிஞர் நீலகண்ட சாஸ்திரியார், சமஸ்கிருதத்துக்கே முதன்மை தரவேண்டுமென்று கருத்துரைத்தார். அவர் பெரிய அறிஞர். சோழர் வரலாற்றை எழுதியவர். ஆனால் அந்நாட்டில் வாழ்ந்த இந்தியருள் பெரும்பாலோர் பேசிய மொழி எது? தமிழ் அல்லவா! முரசு கொதித்தெழுந்தது. தமிழ் எங்கள் உயிர் என்ற பெயரில் நிதி திரட்டினார் சாரங்கபாணி. தோட்டத் தொழிலாளி கொடுத்தான், முடி திருத்துபவன் கொடுத்தான், ஆசிரியன் கொடுத்தான். தமிழே அத்துறையின் மொழியாயிற்று. 1956இல் துறை தோன்றியது. பின்னர் கோலாலம்பூரில் நிலைகொண்டது. தனிநாயக அடிகள் அதன் தலைமை ஏற்றார். அந்த நகரத்தில்தான் 1966இல் முதலாவது உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு கூடியது. கூலிக்காரன் கொடுத்த வெள்ளிகள் எங்கே போய் நின்றன பார்த்தீர்களா?

அந்தத் தாள்

இனி அந்தத் தாளுக்கு வருவோம். 1957ஆம் ஆண்டு சிங்கப்பூரில் குடியுரிமைச் சட்டம் நிறைவேறியது. அங்கே பிறந்தவர்க்கு மட்டுமின்றி, நெடுநாள் வாழ்ந்து உழைத்தவர்க்கும் குடிமக்களாகும் வாயில் திறந்தது. சீனர் சங்கங்கள் தங்கள் மக்களைத் திரட்டிக்கொண்டு போயின. தமிழன் என்ன செய்தான்? தயங்கினான்.

ஏன் தயங்கினான் என்பதை நாம் பரிவோடு பார்க்க வேண்டும். ஊரில் தாய் இருக்கிறாள். ஊரில் அரை ஏக்கர் நிலம் இருக்கிறது. இந்தியா அப்போதுதான் விடுதலை பெற்றிருக்கிறது. இரண்டு நாட்டுக்கும் குடிமகனாய் இருக்க இந்தியச் சட்டம் இடம் தரவில்லை. ஒன்றைப் பெற ஒன்றை இழந்தாக வேண்டும். தாயை மறுத்து மாற்றாந்தாயை ஏற்பதுபோல் அவனுக்குத் தோன்றியது. கடையநல்லூர்த் தம்பியின் அச்சம் மடமையல்ல, அது பாசம்.

சாரங்கபாணியின் வழக்கு வேறு. எந்த மண்ணில் உன் வியர்வை விழுகிறதோ, எந்த மண்ணில் உன் பிள்ளை பிறக்கிறதோ, அந்த மண்ணில் உனக்குச் சொல்லும் உரிமை வேண்டும். வாக்குச் சீட்டு இல்லாதவனுக்காக எந்த ஆட்சியும் கவலைப்படாது. பிறந்த நாட்டின் மீது அன்பு வை, வாழும் நாட்டின் மீது பற்று வை. மொழியை இரண்டு நாட்டிலும் விடாதே! இதுதான் அவர் எழுத்தின் சாரம். எழுதியதோடு நில்லாமல், படிவம் நிரப்பத் தெரியாதவர்களுக்கு நிரப்பித் தரவும் ஏற்பாடு செய்தார். எழுத்தறியாத தொழிலாளி கைநாட்டு வைத்தான். நாட்டின் குடிமகன் ஆனான். ஆயிரக்கணக்கானோர் அவ்வாறு ஆனார்கள்.

அவர் ஏன் அத்தனை அவசரப்பட்டார்? அக்கம்பக்கம் பார்த்தவர் அவர். 1948இல் இலங்கை ஒரு குடியுரிமைச் சட்டம் இயற்றியது. நூறாண்டுக்கு மேல் தேயிலைக்கும் காப்பிக்கும் உழைத்த மலையகத் தமிழர் இலட்சக்கணக்கில் ஒரே சட்டத்தால் நாடற்றவர் ஆயினர். 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தில் அவர்களைச் சரக்குபோல் பங்கு போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதிப் பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று! கேட்டார்களா அந்த மக்களை? இல்லை. பர்மாவில் அறுபதுகளில் கடைகளையும் தொழில்களையும் அரசு எடுத்துக்கொண்டபோது, கட்டிய துணியோடு கப்பலேறிய தமிழர்கள் எத்தனை பேர்! மலேசியாவில் 1969க்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற நிலை வந்தது. பால்மரத்தடியில் பிறந்து வளர்ந்தவர்கள்கூட, பார்த்தே அறியாத ஊரைத் தேடிக் கப்பலேறினார்கள். 1926 முதல் அந்தக் கடலில் ஓடிய ரஜூலா என்ற கப்பலுக்கு வாயிருந்தால் சொல்லும்: நம்பிக்கையோடு ஏறியவர் எத்தனை, நொறுங்கித் திரும்பியவர் எத்தனை என்று.

இத்தனையும் நேரும் என்று சாரங்கபாணி சோதிடம் பார்த்துச் சொல்லவில்லை. சோதிடத்தை நம்பாதவர் அவர். உரிமையில்லாத உழைப்பு ஒருநாள் உதறப்படும் என்ற எளிய அறிவுதான் அவருக்கு வழிகாட்டியது.

குறையும் உண்டு

பெரியாரின் வழி வந்தவர் வரலாற்றைக் குறை மறைத்து எழுதுவது அவருக்குச் சிறப்பாகாது. தொழிலாளிக்காக முழங்கிய முரசின் அலுவலகத்திலேயே தொழிலாளர் வேலைநிறுத்தம் வந்தது. 1963இல் தொடங்கிய அந்தத் தகராற்றில் ஏடு நின்றுபோய், 1964இல்தான் மீண்டும் வெளிவந்தது. பணம் படைத்த முதலாளியல்லர் அவர். கடனில் ஏடு நடத்தியவர். ஆனால் அச்சுக் கோத்தவனுக்கும் வயிறு உண்டு; அவன் கேட்டதும் நியாயமே. கொள்கை ஒருபுறம், கூலி ஒருபுறம் நின்றபோது இருவருமே புண்பட்டார்கள். ஏடு நடத்தும் ஒவ்வொருவரும் இந்தப் பக்கத்தைத் தனியே படித்துப் பார்க்க வேண்டும். கொள்கைக்காக என்று சொல்லிக் குறைந்த கூலியைக் கேட்பது நம் இனத்தில் பழகிப்போன ஒரு வழக்கம்.

மற்றொன்று. அவர் எதிர்த்த தீ மிதியும் காவடியும் அங்கே ஒழிந்துவிடவில்லை. இன்றும் நடக்கின்றன. சீர்திருத்தத்தில் அவர் முழு வெற்றி கண்டார் என்று சொன்னால் அது பொய். ஆனால் சாதி கேட்டுத் தேநீர் கொடுக்கும் நிலை அந்த மண்ணில் வேர் பிடிக்கவில்லை. அதில் அவருக்கும் அவர் தோழர்களுக்கும் பங்கு உண்டு.

1965இல் சிங்கப்பூர் தனி நாடாயிற்று. மலாய், சீனம், ஆங்கிலம் ஆகியவற்றோடு தமிழும் ஆட்சி மொழியாக நிலைபெற்றது. நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லாத ஒரு சிறுபான்மையின் மொழி, அந்நாட்டின் பணத்தாளில் அச்சேறியது! யாழ்ப்பாணத்தில் பிறந்த இராசரத்தினம் அந்நாட்டின் முதல் வெளியுறவு அமைச்சரானார். அந்நாட்டுப் பிள்ளைகள் பள்ளிதோறும் ஏற்கும் உறுதிமொழியை 1966இல் வரைந்தவரும் அவரே. 2023இல் யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்ப வழியில் வந்த தர்மன் சண்முகரத்தினம், நூற்றுக்கு எழுபது வாக்குக்கு மேல் பெற்றுக் குடியரசுத் தலைவரானார். வாக்களித்தவர்களில் மிகப் பெரும்பாலோர் சீனர்கள்! இத்தனைக்கும் ஒருவரே காரணம் என்று சொல்வது மிகை. அந்நாட்டு ஆட்சியாளரின் கொள்கை காரணம். எல்லா இனத்து உழைப்பாளிகளும் காரணம். ஆனால் திறந்த கதவின் முன் தயங்கி நின்ற தமிழனைத் தோளில் தட்டி உள்ளே போகச் சொன்னவர் சாரங்கபாணி.

1974ஆம் ஆண்டு மார்ச் 16ஆம் நாள் அவர் மறைந்தார். தமிழவேள் என்று மக்கள் அவரை அழைத்தார்கள். அவர் தொடங்கிய தமிழ் முரசு இன்றும் சிங்கப்பூரின் தமிழ் நாளேடாக வெளிவருகிறது. எந்த மண்ணுக்கு அவர் இருபத்தொரு வயதில் அந்நியனாய் வந்தாரோ, அந்த மண்ணிலேயே அதன் மைந்தர்களுள் ஒருவராய்க் கலந்தார்.

நாம் கேட்க வேண்டிய கேள்வி

கடையநல்லூருக்குத் திரும்புவோம். தேநீர் முடிந்ததும் பெரியவர் தம் தெருவுக்கு நம்மை அழைத்துச் சென்றார். பெரிய தந்தை வழிப் பேரன் அனுப்பும் பணத்தில் அங்கே ஒரு வீடு எழும்பிக்கொண்டிருந்தது. சாரத்தின் மீது நின்று செங்கல் கைமாற்றிக்கொண்டிருந்தவர்கள் நான்கு இளைஞர்கள். பேச்சு தமிழல்ல. பீகாரிலிருந்து வந்தவர்கள் என்றார் பெரியவர். முடியாத வீட்டின் ஒரு மூலையில் அவர்களுடைய பாயும் பாத்திரமும் கிடந்தன.

நாம் அங்கேயே நின்றுவிட்டோம். தஞ்சோங் பகாரில் பாய் விரித்துப் படுத்த அந்த இரண்டு சகோதரர்கள் கண்முன் வந்தார்கள். அன்று அங்கே நாம் யாராக இருந்தோமோ, இன்று இங்கே அவர்கள் அவர்களாக இருக்கிறார்கள். மொழி தெரியாதவன், மலிவாய் உழைப்பவன், வந்து போகிறவன்! 2023 மார்ச்சில் ஒரு புரளி கிளம்பியது, நினைவிருக்கிறதா? தமிழ்நாட்டில் வடநாட்டுத் தொழிலாளர் தாக்கப்படுகிறார்கள் என்று பொய்யான படங்கள் பரப்பப்பட்டன. ஆயிரக்கணக்கானோர் அஞ்சி ரயிலேறினார்கள். பொய் பொய்யென்று மெய்ப்பிக்கப்பட்டது, அரசு உறுதி தந்தது, திரும்பி வந்தார்கள். ஆனால் அந்தப் பொய் அவ்வளவு எளிதாய் நம்பப்பட்டது ஏன் என்று நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டாமா? அவர்களைக் கேலிப் பெயரிட்டு அழைப்பவன் நம்மிடையே இல்லையா? கூலியில் பிடித்துக்கொள்பவன் இல்லையா?

இந்தி நம் மீது திணிக்கப்படுவதை எதிர்ப்போம். அதில் இம்மியும் பின்வாங்கோம். ஆனால் திணிப்பது டில்லி. செங்கல் சுமப்பது பீகாரின் ஏழை. இருவரையும் ஒன்றாய்க் குழப்பிக்கொள்வது அறிவுடைமையாகாது. அந்த இளைஞனின் கூலி சரியாகக் கிடைக்கட்டும். அவனுக்கு அடிபட்டால் மருத்துவம் கிடைக்கட்டும். அவன் பிள்ளை இங்கே வந்தால் நம் பள்ளியில் தமிழ் படிக்கட்டும். அந்தப் பிள்ளை தமிழ் படித்துவிட்டால், அவனை வந்து போகிறவன் என்று பிறகு யார் சொல்ல முடியும்?

சிங்கப்பூரில் தமிழனுக்கு ஒரு சாரங்கபாணி கிடைத்தார். இந்த இளைஞர்களுக்கு அவர்களுள்ளிருந்து ஒருவர் தோன்றுவாரோ, மாட்டாரோ! அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. அக்கரை சென்று அல்லல்பட்ட ஊர்க்காரர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதும் இல்லை. நாம் விடைபெறும்போது பெரியவர் தேநீர்க் கடைப் பையனைக் கூப்பிட்டுச் சாரத்தின் மேலிருந்த நால்வருக்கும் தேநீர் கொண்டுவரச் சொன்னார். தமிழிலேதான் அவர்களைக் கீழே அழைத்தார். அவர்களும் புரிந்துகொண்டு இறங்கி வந்தார்கள். நமக்குக் கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது. அன்றிரவு மேடையில் நாம் பேசியது பெரும்பாலும் இதைத்தான்.